ஒரு கைப்பிடி மணலின் விலை

பில் ஃபோர்சைத் இயக்கிய 'லோக்கல் ஹீரோ' (1983) பற்றிப் பேச்சு வந்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். "படத்துல ஒண்ணுமே நடக்கலையே" என்பவர்கள் ஒரு பக்கம். திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி.

ஹூஸ்டன் எண்ணெய் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் ஒரு கடலோர கிராமத்தையே விலைபேச வருகிறான் மேக். ஊர்க்காரர்கள் எதிர்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களோ விற்கத் துடிக்கிறார்கள்! அந்த ஆசையை மறைக்கத்தான் படாதபாடு படுகிறார்கள். காரில் அடிபட்ட முயலை மேக் பரிவோடு எடுத்துவருகிறான். ஹோட்டல்காரர் அதைச் சமைத்தே பரிமாறிவிடுகிறார். சிரியுங்கள் என்று படம் எங்கும் நின்று கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

கடற்கரைக்குச் சொந்தக்காரரான பென் கிழவர் மட்டும் மசியமாட்டார். கைப்பிடி மணலை அள்ளி, ஒவ்வொரு மணல் துகளுக்கும் ஒரு பவுண்டு தருவாயா என்று மேக்கிடம் கேட்கிறார். ஏதோ பொறி என்று பயந்து மேக் மறுத்துவிடுகிறான். தன் கையில் பத்தாயிரம் துகளுக்கு மேல் நிற்காது, நல்ல பேரத்தை விட்டுவிட்டாயே என்று கிழவர் வருத்தப்படுகிறார்! பென்னாக நடித்த ஃபுல்டன் மக்காய் இதைச் சொல்லும்போது முகத்தில் துளி குறும்பு இல்லை. எத்தனை பெரிய நடிகர்!

மெதுவான படம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதியில் நிறுத்தியவர்கள், மார்க் நாஃப்ளர் இசைக்காகவாவது இன்னொரு முறை முழுசாகப் பாருங்கள். பார்த்தவர்கள் உங்களுக்குப் பிடித்த காட்சியைக் கீழே எழுதுங்கள்.