பிள்ளையின் கால் அளவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எமது சிற்றூரின் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டிய பிள்ளை 6 கிலோமீற்றர் தொலைவுக்குப் போக வேண்டும். காலையில் ஒரு பஸ் வருவதாக ஏற்பாடு. அது வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. 2025 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எமது இளைய மகள் இந்த எல்லைக்கு வந்து நின்றாள். அவளுக்கு எந்த வண்டியை வாங்குவது என்ற கேள்வி அப்படித்தான் எமது வீட்டுக்குள் நுழைந்தது.

அந்த வாரத்திலேயே ரொறன்ரோவில் வாழும் எம் மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட செய்தி எமக்கு முன்பே அவருக்கு எட்டியிருந்தது.

"அத்தான், சின்னவளுக்கு ஒரு நாலு சில்லு மோட்டார் வண்டி எடுத்துக் குடுங்க. சின்னப் பிள்ளைகளுக்கெண்டே மலிவாச் செய்யிறாங்க. காசு நான் அனுப்புறன்" என்றார். உடனே ஒரு படமும் வந்தது. அவருடைய மகன் தலைக்கவசம் அணிந்து, தடித்த ரயர்களைக் கொண்ட குட்டி வண்டி ஒன்றில், பசும்புல் வெளியில் வீற்றிருந்தான். சொந்த அக்காளின் பிள்ளை நடந்து போகிறதே என்ற தவிப்பினாலேயே அவர் அப்படிச் சொன்னார். அந்த அன்பில் நாம் குறை காணவில்லை. ஆனால் அவர் மலிவு என்று சொன்ன தொகை எமது நாலைந்து மாதச் சம்பளம்.

படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த இளையவள் கேட்டாள்: "நாலு சில்லு இருந்தா விழாதுதானே அப்பா?"

அடுக்களை வாசலில் நின்ற மூத்த மகள் உள்ளே போய்விட்டாள். எமக்கு உடனே மறுமொழி வரவில்லை.

நாலு சில்லு விழாது என்று நினைத்தவள் அவள் மட்டும் அல்லள். அமெரிக்காவில் முதலில் மூன்று சில்லு வண்டிகளைத்தான் செய்து விற்றார்கள். பிள்ளைகள் கவிழ்ந்து மாண்டார்கள். 1988 இல் அரசாங்கத்துக்கும் உற்பத்தியாளருக்கும் இடையே ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின் பின் மூன்று சில்லின் விற்பனை நின்றது. நாலு சில்லு அதன் இடத்தைப் பிடித்தது. கவிழ்வது நிற்கவில்லை. காரணம் இயந்திரத்திலேயே இருக்கிறது. இத்தகைய வண்டிகள் பலவற்றில் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டிருக்கும். வளைவில் வெளிச்சில்லு கூடச் சுழல வேண்டிய இடத்தில் இரண்டும் ஒன்றாகவே சுழலும். ஆகவே ஓடுபவர் தம் உடலைச் சரித்துத்தான் திருப்ப வேண்டும். இருபத்தெட்டுக் கிலோ எடையுள்ள பிள்ளை எதைச் சரிக்கும்? பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் இவற்றில் ஏறவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் கூறிவருகிறது. விற்பவர்களோ 6 வயதுக்கு ஒன்று, 10 வயதுக்கு ஒன்று, 12 வயதுக்கு ஒன்று என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை வளர வளரப் புதியது வாங்க வேண்டும் என்பது அந்த வகுப்பினுள் அடங்கிய வியாபாரம்.

தெருவில் ஓடவும் முடியாது. பாடசாலைப் பிள்ளை மோட்டார் வண்டி ஓடச் சட்டம் இடந்தராது. பெற்றோல் வேறு. 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாயானதையும், மறுமாதம் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து தந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. அந்த நாட்களில் எமது வலயத்து ஆசிரியர் எத்தனையோ பேர் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தார்கள். வரிசையில் நின்று களைத்தவர்களுக்கு மத்தியில், பழைய றலி ஒன்றை வைத்திருந்தவர் அரசன்போல் போனார்!

மைத்துனருக்கு நன்றி கூறி மறுத்துவிட்டோம். இனிச் சைக்கிள் வாங்க வேண்டும். இங்கேதான் எமது பழைய கணக்கு வெளியே வந்தது.

2017 இல் மூத்தவள் ஆறாம் வகுப்புக்குப் போனபோது நாம் ஒரு சைக்கிள் வாங்கினோம். ஆண்கள் ஓடும் 28 அங்குலச் சைக்கிள், பழையது, விலை மலிவு. அவளுக்குப் பெரிது என்று எமக்குத் தெரியும். "வளர்ந்துவிடுவாள்தானே" என்று சொல்லிக்கொண்டோம். அந்தச் சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ. அவளே 25 கிலோதான் இருப்பாள். சீற்றில் அமர்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது. ஆகவே பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து ஓடினாள். நாமும் எமது பராயத்தில் அப்படி ஓடியவர்களே. அது ஒரு சாகசம் என்றுகூடப் பெருமைப்பட்டோம். மூன்றாம் மாதம், வாய்க்கால் கட்டில் எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு ஒதுங்கப் போய், கால் ஊன்ற நிலம் எட்டாமல் சைக்கிளோடு சரிந்தாள். இடக்கை முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. முழங்கை இன்றும் முழுதாக நிமிராது. அதன்பின் அவள் சைக்கிளில் ஏறவில்லை. தோழி ஒருத்தியின் கரியரில் அமர்ந்து சாதாரண தரம் வரை போனாள். தோழி வராத நாளில் இவளும் போகவில்லை. அப்படி எத்தனை நாட்கள் போயின என்று வரவு இடாப்பை எடுத்து எண்ணிப் பார்க்க, ஆசிரியராகிய எமக்கே துணிவு வரவில்லை.

மலிவாக வாங்கினோம் என்று அன்று மகிழ்ந்தோம். மிச்சம் பிடித்த பணத்தை அவளுடைய கையிலிருந்தே பிடித்தோம் என்பது பின்னர்தான் விளங்கியது.

ஏழை வீடுகளில் இது ஒரு வழக்கமே. சட்டை தைத்தால் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத் தைப்போம். சப்பாத்து வாங்கினால் முன்னால் பஞ்சு வைத்து அணிவிப்போம். சட்டை பெரிதானால் பிள்ளை சிரிப்புக்கு ஆளாகும், அவ்வளவுதான். சைக்கிள் அப்படியன்று. அது ஓடுகிற பொருள். பிறேக்கைப் பிடிக்க விரல் எட்ட வேண்டும், நிற்கக் கால் எட்ட வேண்டும்.

இந்த நாட்டில் 1945 இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பற்றி நாம் பெருமை பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 1980 முதல் பாடநூல் இலவசம், 1993 முதல் சீருடைத் துணி இலவசம். ஆனால் பாடசாலைக்குப் போகிற வழி? பஸ்ஸுக்குச் சலுகைச் சீசன் உண்டு என்பார்கள். பஸ் வராத ஊருக்குச் சீசன் எதற்கு? 2013 இல் கல்லடியில் புதிய பாலமும் 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. வாவியைக் கடப்பது இலகுவாயிற்று, சந்தோஷம். ஆனால் பாலத்திலிருந்து உள்ளே எட்டுப் பத்து மைல் போகிறவர்களின் காலை யார் கணக்கில் எடுத்தார்கள்?

இதைச் சிறிய விஷயம் என்று தள்ள முடியாது. 2006 இல் பீகாரில் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த வயதுப் பெண்கள் இடைநிலைப் பள்ளியில் சேர்வது 32 வீதம் கூடியிருந்தது. பள்ளி தொலைவில் உள்ள கிராமங்களில்தான் பயன் மிகுதி. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 க்கு மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதும்போது ஒரு விவரம் தருகிறார்: சிலர் பெண்களுக்கான சைக்கிளை விட, பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம், பாரில் பிள்ளையை இருத்திக்கொண்டு போகலாம் அல்லவா! எது நல்ல சைக்கிள் என்பதை ஓடுகிறவளின் வாழ்க்கையே தீர்மானிக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு நகருக்கு இளையவளைக் கூட்டிக்கொண்டு போனோம். முதற் கடையில் எல்லாம் பளபளத்தன. ஆறு கியர், அதிர்வு தாங்கும் குழாய், பெரிய எழுத்துகள். விலை 40,000 ரூபாய்க்கு மேல். "சேர், 26 எடுங்க. வளருவா தானே" என்றார் விற்பனையாளர். எட்டு ஆண்டுகளுக்கு முன் எமது வாயிலிருந்து வந்த அதே சொல். வெளியே வந்துவிட்டோம்.

திரும்பும் வழியில், சந்தியில் ஒரு தகரக் கொட்டிலில் சைக்கிள் திருத்தும் காக்காவிடம் போனோம். நாற்பது வருடமாக அதே இடம். நாம் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம், அவர் கேட்கவில்லை.

"பிள்ளைர காலை முதல்ல அளப்பம் சேர். மறுகா விலை பேசுவம்."

இளையவளைச் சுவரோடு சுவராக நிறுத்தினார். அவளுடைய கொப்பி ஒன்றை அவளிடமே கொடுத்து, கால்களுக்கு இடையே மேலே வரை பிடிக்கச் சொன்னார். நிலத்திலிருந்து கொப்பியின் மேல் விளிம்பு வரை அளவுநாடாவை எம்மையே பிடிக்கச் செய்தார். 63 சென்ரிமீற்றர். பிள்ளை வாங்க வரும் வீட்டாரில் பாதிப் பேர் பிள்ளையைக் கூட்டி வருவதில்லை என்று முணுமுணுத்தார். எமக்குச் சுருக்கென்றது, 2017 இல் நாமும் தனியேதான் போயிருந்தோம்.

அவர் சொன்னவற்றை எம் மொழியில் கூறுவதானால்: ஐந்து வயது தொடக்கம் பருவமடையும் வரை பிள்ளை ஆண்டுக்கு ஐந்தாறு சென்ரிமீற்றர் உயரும்; பெண் பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதில் இன்னும் வேகமாக உயர்வார்கள்; முதலில் நீள்வது கால். 24 அங்குலச் சில்லும் தாழ்ந்த பாரும் உள்ள சைக்கிளில் சீற்றை அடியில் இறக்கி வைத்தால் இன்று நுனிக்கால் நிலத்தில் படும். சீற்றுக் கம்பை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு போனால் மூன்று வருடம் தாராளமாக ஓடலாம். கம்பில் ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி ஒருபோதும் உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் கம்பு உள்ளே போதிய பிடிப்பின்றி முறியும். பிறேக் பிடி விரலுக்கு எட்டாவிட்டால் அதை உள்ளே நெருக்க ஒரு திருகாணி உண்டு. கியர் வேண்டாம். வாவிக் காற்றின் உப்புக்கு முதலில் இரையாவது அந்தக் கம்பியும் சுருளும்தான். எமது தரை மட்டமான தரை, ஏறுவதற்கு மலை எங்கே? ரயரும் ரியூபும் எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும் அளவாக இருக்க வேண்டும். அதுதான் அவருடைய அகராதியில் மலிவு.

பழைய லுமாலா ஒன்று அவரிடமே இருந்தது. புதிய செயின், புதிய பிறேக் கட்டைகள் போட்டு 16,000 ரூபாய். இளையவள் ஏறி இருந்து, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, எம்மைப் பார்த்தாள். அவள் விழவில்லை என்பதை அவளே நம்பாதவள்போல் இருந்தது அந்தப் பார்வை.

மூன்று வருடத்தின் பின் என்ன செய்வது? இதைப் பற்றி அயலில் பேசியபோது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சைக்கிள் துருப்பிடித்துச் சாய்ந்திருப்பது தெரிந்தது; ஒன்றில் பிள்ளை வளர்ந்துவிட்டது, அல்லது இன்னும் வளரவில்லை. ஆறு வீடுகள் கூடினோம். 20 அங்குலம் இரண்டு, 24 மூன்று, 26 இரண்டு. பிள்ளை வளரும்போது சைக்கிள் வீடு மாறும். மாதம் வீட்டுக்கு 100 ரூபாய் காக்காவின் கொட்டிலுக்கு. ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம். எல்லாம் சீராக நடந்தது என்று சொன்னால் அது பொய். யாருடைய பிள்ளை ரயரைக் கிழித்தது என்று இரண்டு வீட்டார் ஒரு வாரம் பேசாதிருந்தார்கள். ஆனி மாதம் ஒருவர் 20 அங்குலத்தில் ஒன்றை எவருக்கும் சொல்லாமல் விற்றுவிட்டார். நாம் கொதித்தோம். கூட்டம் கூட்ட வேண்டும் என்றோம். "ஆசுபத்திரிக்குப் போக வித்தவரிட்டக் கணக்குக் கேக்கப் போறீங்களோ?" என்றாள் எம் மனைவி. கூட்டம் கூடவில்லை. கொப்பியில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டோம்.

ஆவணி மாதம் ஒரு மாலை. கண்ணகி அம்மன் கோயில் வெளியில் வெயில் தணிந்திருந்தது. இளையவள் சைக்கிளை அங்கே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டாள். மூத்தவள் எம் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது.

"அப்பா, சீற்றை மூண்டு விரல் உயத்தித் தாறீங்களா?"

நாம் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்து ஆணியைத் தளர்த்தினோம். இருட்டத் தொடங்கியிருந்தது, கம்பில் அந்தக் கோடு கண்ணுக்குப் படவில்லை. கையால் தடவிப் பார்த்தோம். இன்னும் ஒரு விரற்கடை உள்ளேதான் இருந்தது. ஆணியை இறுக்கினோம். அவள் ஒரு காலைப் பெடலில் வைத்தாள். நிமிராத கையாலும் நிமிர்ந்த கையாலும் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, "கரியரைப் பிடிச்சுக்கொள்ளுங்க, விட்டிராதீங்க" என்றாள். பிடித்துக்கொண்டோம்.