முதல் போர்டு

என் நண்பனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. மூன்று தையல். தைத்தவர் டாக்டர், தைக்க வைத்தவன் நான்.

திருவேற்காட்டில் எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பொங்கல் கேரம் போட்டி நடக்கும். தகர ஷெட், போர்டுக்கு மேலே தொங்கும் குண்டு பல்பு, சுற்றிலும் தோளுக்குத் தோள் நெருக்கி நிற்கும் கூட்டம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் இரண்டு மூன்று பிசகினாலே ஜாப் ரிஜெக்ட் ஆகிவிடும் இடத்தில் எட்டு மணி நேரம் நிதானமாக நிற்பேன். அந்த நிதானத்தை மைக்ரோமீட்டரோடு சேர்த்து டூல் பாக்ஸில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன் போலிருக்கிறது.

அந்த வருஷம் டபுள்ஸ் ஃபைனல். எதிரே நண்பன் என் பார்ட்னர். முதல் போர்டில் தோற்றோம். எதிர் அணிக்காரன் ஒருவன் லேசாகச் சிரித்தான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அந்தச் சிரிப்பை நான் கடைசி போர்டு வரை மடியில் கட்டிக்கொண்டே ஆடினேன்.

எங்களுக்கு 19 பாயிண்ட். 25 எடுத்தால் கோப்பை. போர்டில் எங்கள் வெள்ளை ஒன்று, ரெட், அவர்களுடைய கறுப்பு நான்கு. ரெட்டை நான் போட்டேன். ஷெட் அதிர்ந்தது. இனி அதற்கு ஃபாலோவாக அந்த ஒரே வெள்ளையைப் போடுவது மட்டும்தான். வெள்ளைக்காய் இடது பாக்கெட்டின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரைக்கர் போய்த் தொட்டால் போதும், விழுந்துவிடும். ரெட்டுக்கு மூன்று, கறுப்புக்கு நான்கு, ஆட்டம் முடிந்தது.

எனக்குத் தொட மனமில்லை. சத்தம் வரவேண்டும், அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்கிற மாதிரி. விரலை முறுக்கி இழுத்து அடித்தேன். காய் விழுந்தது. பின்னாலேயே ஸ்ட்ரைக்கரும் விழுந்தது. ரெட்டும் காயும் வெளியே வந்தன, டியூவுக்கு, அதாவது தண்டனையாக, இன்னொரு காய் சேர்ந்தது. அதன் பிறகு எனக்கு ஒன்றுமே விழவில்லை. போர்டு போனது, கோப்பை போனது. ஸ்ட்ரைக்கரை எடுத்துச் சுவரைப் பார்த்து வீசினேன். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த 15 கிராம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து நண்பனின் புருவத்தைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியில் அவன் என்னோடு சண்டை போடவில்லை. பேசவே இல்லை. பிறகும் பேசவில்லை.

சென்னையில் கேரம் ஆடுகிறவனுக்குத் தலைக்கனத்துக்குக் காரணம் வேண்டுமென்றால் கிடைக்கும். கேரத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1988இல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். 1991இலும் 1995இலும் உலகச் சாம்பியனாகி, 1996இல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் இந்த ஊர்தான். அவர் பெயரைச் சொல்லியே வளர்ந்தோம். விரல் பிடிப்பு எப்படி, உட்காரும் வாகு எப்படி என்று ஆளாளுக்குப் பேசுவோம். அதற்குப் பின்னால் எத்தனை ஆயிரம் மணி நேரம் இருக்கும் என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை.

ஆறேழு மாதம் போர்டுப் பக்கமே போகவில்லை. ஒருநாள் சைக்கிளுக்குப் பஞ்சர் போடப் போன இடத்தில், கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே கேட்டார்: “காய் மேல உனக்கு இன்னா தம்பி கோவம்?” தெருவே அறிந்த கதைதானே. கடைக்குப் பின்னால் அவரிடமும் ஒரு போர்டு இருந்தது, விளிம்பெல்லாம் கறுத்துப்போன பழைய போர்டு. உள்ளே கூட்டிப்போய் ஒரே ஒரு காயை வைத்தார்.

“ஒரே காயி. ஒரே எடம். டெய்லி நூறு அடி. வுழுந்தத எண்ணாத. வுழலன்னு வெச்சுக்கோ, அதுக்கு அடுத்த அடி இருக்கு பாரு, அத மட்டும் நோட்ல எழுது.”

இது என்ன வித்தை என்று உள்ளுக்குள் சிரித்தபடிதான் தொடங்கினேன். இரண்டாவது வாரமே நோட்டைப் பார்க்க வெட்கமாகிவிட்டது. பொதுவாக எனக்கு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து அடி தவறும். அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஒன்று தவறினால் அதற்கு அடுத்ததும் தவறுவது ஏறக்குறைய பாதிக்குப் பாதி. காய் அதே காய், இடம் அதே இடம், எதிரே சிரிக்க ஆள்கூடக் கிடையாது. தவறியதும் என் கை அவசரமாக ஸ்ட்ரைக்கரைப் பொறுக்கி, அடித்த அடிக்குப் பழி வாங்குவதற்காக அடுத்ததை அடிக்கிறது. பெரியவர் அதற்கு ஒரே மருந்துதான் சொன்னார். தவறினால் இரண்டு கையையும் தொடை மேல் வை. ஓடுகிற காய் நிற்கும்வரை எடுக்காதே.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். கை அரிக்கும், தலை தானாக ஆடும், வாய் ‘ச்சே’ என்று சொல்லத் துடிக்கும். அந்த ‘ச்சே’யையும் அவர் நோட்டில் எழுதச் சொன்னார். லுங்கியெல்லாம் பவுடர், ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரம் தேய்ந்து வெளுத்துவிட்டது. மழைக்காலத்தில் போர்டு ஈரம் ஏறி மந்தமாகும், நேற்று அடித்த வேகம் இன்றைக்கு உதவாது, திரும்ப ஒன்றிலிருந்து. அம்மாவுக்குச் சந்தேகம், “கல்யாணம் பண்ணிக்கச் சொன்னா சைக்கிள் கடைல குந்திக்கினு கீறானே” என்று.

மறு வருஷம் கார்த்திகை மூலத்தன்று வேதபுரீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். திருவேற்காடு என்றால் கூட்டம் கருமாரியம்மனுக்குத்தான். சம்பந்தர் பாடிய இந்தக் கோயிலில் நிம்மதியாக உட்கார இடம் கிடைக்கும். அன்று மூர்க்க நாயனார் குருபூசை. எங்கள் ஊர்க்காரர், சூதாடி. அடியாருக்குச் சோறு போட்டே சொத்தைக் கரைத்து, மிச்சமிருந்த ஒரே திறமையான சூதை வைத்துப் பந்தியைத் தொடர்ந்தவர். ஊரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போகவே கும்பகோணம் வரை போய் ஆடியிருக்கிறார். பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதிய கதை, சின்ன வயதிலேயே கேட்டதுதான். அன்று ஒரு செய்தி மட்டும் சுருக்கென்று தைத்தது: அவர் முதல் ஆட்டத்தைத் தோற்பாராம். பிறகுதான் பந்தயத்தை ஏற்றி வெல்வாராம்.

பச்சையாகச் சொன்னால் அது சூதாடியின் தூண்டில். எதிராளி ஏய்த்தால் கத்தியை உருவுவாராம், மூர்க்கர் என்ற பெயரே அதனால் வந்தது. ஸ்ட்ரைக்கரை வீசிய எனக்கு அவர் அந்த வகையில் சொந்தக்காரர்தான். ஆனால் தோற்ற முதல் ஆட்டத்தைக் கையோடு அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவதற்கு உட்காரத் தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. ஜெயித்த பொருளைத் தான் தொடாமல் சமைப்பவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லி, எல்லாரும் சாப்பிட்ட பின் கடைப்பந்தியில் உட்காருவாராம். எனக்கோ ஒரு கோப்பையை மனதில்கூடத் தொடாமல் இருக்க முடியவில்லை.

நான் திருந்தினேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலப்பன்சாவடியில் யாராவது குறுக்கே வண்டியை விட்டால் இன்றைக்கும் என் வாயில் நல்ல வார்த்தை வராது. பழகிய இடத்தில் மட்டும் பழக்கம் நிற்கிறது. பெரியவர் இப்போது இல்லை. 2024 நவம்பரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, நம் வடசென்னைப் பெண், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற செய்தியைப் பார்த்தபோது அவரைத்தான் நினைத்தேன். ‘டெய்லி எத்தினி மணி நேரம் ஆடுது அந்தப் பொண்ணு?’ என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அந்தக் குருபூசை அன்னதானத்தில் கடைசிப் பந்தியில்தான் எனக்கு இடம் கிடைத்தது. சாம்பார் வாளியோடு வந்தவன் என் நண்பன். இலையைப் பார்த்து ஊற்றினான், நகர்ந்தான், இரண்டு இலை தாண்டித் திரும்பி வந்தான்.

“சாயங்காலம் ஷெட்டுக்கு வர்றியா?”

போனேன். கூட்டம் இல்லை, நாங்கள் இருவர்தான். பிரேக் அவனுடையது. முதல் போர்டை என்னிடமிருந்து சுத்தமாக வழித்தெடுத்துவிட்டான். கடைசிக் காய் விழுந்த பிறகும் அவன் போர்டைப் பார்க்கவில்லை. தொடை மேலிருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பவுடர் டப்பாவை அவன் பக்கம் தள்ளினேன்.