ராமபோனு

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பாட்டு உண்டு. கழுகுமலை முருகன்மேல் அமைந்த காவடிச்சிந்து. என் ஆச்சியின் பாட்டனார் காவடி தூக்கிச் சென்றபோது தாமே கட்டிப் பாடியது என்பது வீட்டு வரலாறு. "சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் நூலில் அது அச்சாகி இருக்கிறதே!" என்று யாரேனும் சொன்னால், "ரெட்டியார் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போயிருப்பார்" என்பார் பெரியப்பா. வழக்கு அதோடு தள்ளுபடி.

தாத்தா இரும்பாலை வேலைக்காக ஜாம்ஷெட்பூருக்கு வந்தபோது ஆச்சி கொண்டுவந்த சீதனத்தில் இன்று மிஞ்சியிருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான். அதில் இரண்டு விந்தைகள். புத்தகத்தில் பாட்டு நீளமாகப் போகும். ஆச்சியோ இரண்டு கண்ணிகளோடு நிறுத்திவிடுவாள். நிறுத்தியதும் ஒரே மூச்சில், "ராமபோனு லேட்டு" என்று ராகம் போட்டு முடிப்பாள். முருகன் பாட்டில் ராமனுக்கு என்ன வேலை? கேட்டால், "எங்க அம்மை அப்படித்தான் முடிப்பா" என்பதே விடை.

நான் பௌதிகம் படிக்கக் கொல்கத்தாவுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், இந்நகரத்து வங்காளிப் பெரியவர் ஒருவர் தம்மிடமுள்ள தமிழ் இசைத்தட்டுகளின் லேபிள்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று நம் சங்கத்துக்குச் சொல்லியனுப்பினார். நான் போனேன். லேபிள் முழுதும் தேய்ந்துபோன தட்டு ஒன்றைக் கடைசியாகச் சுழலவிட்டார். பெண் குரல். எங்கள் பாட்டு! அதே இரண்டு கண்ணிகள். அவை முடிந்ததும் அந்த அம்மாள் பாடுவதை விட்டு, பேச்சுக் குரலில் அவசரமாக ஏதோ சொன்னாள். ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டோம். "கிராமபோன் பிளேட்டில் பாடினது…" அதன் பின் ஓர் ஊர்ப் பெயர். ஆள் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரே கீறல்.

இரண்டு விந்தைகளும் ஒருசேரத் தீர்ந்தன. பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷமே அடங்கும்; பாட்டு அதற்குள் முடிந்தாக வேண்டும். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902 நவம்பரில் இதே நகரில்தான் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். 1908-இல் இங்கே தொழிற்சாலை வரும்வரை தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன. நம் மொழி அறியாத அந்த ஊர்த் தொழிலாளி லேபிளை மாற்றி ஒட்டிவிடாதிருக்கவே, பாடியவர் கடைசியில் தம் பெயரைச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது.

ஆனாலும் பாட்டு ஆச்சி பாடுவதைவிட வேகமாக ஓடியது. அந்நாளில் எல்லாத் தட்டுகளும் 78 சுற்றில் பதிவானவையல்ல. பெரியவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். 72 சுற்றில் நிறுத்தச் சொன்னேன். சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கி, ஆச்சியின் நடை அப்படியே வந்துவிட்டது. என் ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

அன்றிரவே தொலைபேசியில் ஆச்சிக்குப் போட்டுக் காட்டினேன். எண்பத்து மூன்று வயது. நெடுநேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள்:

"ஏட்டி, இந்த அம்மாதான் எங்க அம்மைக்கு வாத்தியாரு. கதவுக்குப் பின்னால நின்னு படிச்சாளாம். பிளேட்டுல பாடுறவ பேரை வீட்டுல எடுக்கப்பிடாதும்பாக. யாரு பாட்டுன்னு கேட்டா, பாட்டையா பாட்டுன்னு சொல்லிக்கிட்டாக."

சேலம் கோதாவரி, காஞ்சீபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி என்று தொடக்க காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தட்டில் பாடிய பெண்கள் பலரும் தேவதாசி மரபில் வந்தவர்கள். 'கௌரவமான' குடும்பங்களுக்கு அவர்கள் குரல் வேண்டியிருந்தது, பெயர் வேண்டியிருக்கவில்லை. பாட்டனார் செய்த கைங்கரியம், கிராமபோன் பெட்டிக்குப் பணம் கொடுத்தது. பாட்டையும் அவர் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள்! ரெட்டியாரும் போனார், பாடினவளும் போனாள்.

"பேரு நினைவிருக்கா, ஆச்சி?" என்றேன். பாட்டை முதலிலிருந்து பாடிப் பார்த்தாள். "ராமபோனு லேட்டு" வரை வந்தாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. "அம்மை அதுக்கு மேல சொல்ல மாட்டா" என்றாள்.

பெரியப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அம்மாளே நம் வீட்டில் கற்றுக்கொண்டிருப்பாள் என்கிறார். தட்டில் லேபிளுக்கு வெளியே ஓர் எண் கீறியிருக்கிறது. அதைக் குறித்து வைத்திருக்கிறேன். நண்பர்களே, உங்கள் ஊர் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு விலைப்பட்டியல் ஏதேனும் கிடந்தால், விடுமுறை முடிந்து வரும்போது மறவாமல் எடுத்து வாருங்கள்.