குட்டி நகரில் ஒரு நாள்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் பெருமக்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மூன்றும் விளையாட்டு. பெரியவர் வீட்டுக்கு ஒரு சிறு வீடு; பெரியவர் பறைக்கு ஒரு சிறு பறை; பெரியவர் தேருக்கு ஒரு சிறு தேர். உலகத்தைச் சிறிதாக்கித் தன் கைக்குள் அடக்கிப் பார்ப்பதே குழந்தையின் விளையாட்டு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

விளையாட்டுக்கு இலக்கியத்தில் இடம் தந்த மொழிக்கு உரியவர்கள் நாம். மணலுக்கு இடமில்லாத மாநகரச் சந்துகளில் வளரும் நம் குழந்தைகள் இன்று எங்கே விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா, நண்பர்களே? எனக்கு அந்த எண்ணம் வந்தது 2024-ஆம் ஆண்டுத் தீபாவளி விடுமுறையில்.

ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்கவில்லை. விடுதியோ வெறிச்சோடிக் கிடந்தது. எனவே தாராவியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தப்பா பல ஆண்டுகளுக்கு முன் நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர். இட்லி வியாபாரம் செய்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். பொழுது புலர்ந்ததும் சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கி 'பாம், பாம்' என்று ஒலி எழுப்பியபடி தெருத்தெருவாகச் செல்வார். அவர் மகளுக்கு ஒன்பது வயது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடப் புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம்.

சித்தி ஒரு செய்தி சொன்னார். பள்ளிக்கூடத்துப் பக்கம் வரும்போது ஹாரன் அடிக்க வேண்டாம் என்று மகள் தகப்பனாரிடம் கேட்டுக்கொண்டாளாம். அன்று முதல் சித்தப்பா அந்தத் தெருவைச் சத்தமின்றிக் கடக்கிறாராம். சொல்லிவிட்டுச் சித்தி சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை.

விடுமுறைக்கு எங்கே அழைத்துப் போகட்டும் என்று தங்கையைக் கேட்டேன். காட்கோபரில் குழந்தைகளே வேலை பார்க்கும் நகரம் ஒன்று இருக்கிறதாம். அங்கே போக வேண்டும் என்றாள். சீட்டின் விலையைக் கேட்ட சித்தப்பா, "ஏலே, இம்புட்டுத் துட்டு குடுத்து வேலை பாக்கவா போறிய?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் உதவித்தொகை வந்த வாரம் அது. சயானில் ரயிலேறி, குர்லாவும் வித்யாவிகாரும் கடந்து, காட்கோபரில் இறங்கினோம்.

இவ்வகை நகரங்களுக்குக் 'கிட்சானியா' என்று பெயர். முதலாவது நகரம் 1999-ஆம் ஆண்டு மெக்சிகோவின் தலைநகரில் தோன்றியது. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் சேவியர் லோபஸ் அங்கோனா என்பவர். 2006-இல் டோக்கியோவிலும், 2013-இல் மும்பையிலும், 2016-இல் தில்லிக்கு அடுத்த நோய்டாவிலும் இவை திறக்கப்பட்டன. பெரியவர்கள் உலகம் சரியில்லை என்று குழந்தைகள் விடுதலை முழக்கம் செய்து தமக்கென அமைத்துக்கொண்ட நாடு இது என்று ஒரு தோற்றக் கதையும் புனைந்திருக்கிறார்கள்.

பேரங்காடி ஒன்றின் உள்ளே, முழுவதும் கூரைக்குக் கீழே அமைந்த நகரம் அது. நுழையும் இடம் விமான நிலையம் போல் இருக்கிறது. குழந்தையின் மணிக்கட்டில் மின்னணுப் பட்டை ஒன்றைக் கட்டுகிறார்கள். குழந்தை தனியே வெளியேறிவிடாமல் இருக்க அது காவல். கையில் 50 'கிட்சோ'வுக்கு ஒரு காசோலை தருகிறார்கள். கிட்சோ என்பது அந்நகரின் நாணயம். வங்கிக்குப் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை பார்த்தால் கூலி. பொருள் வாங்கினால் செலவு. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், அடுமனை, விமானம் என்று எல்லாம் குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்றபடி சிறுத்து நிற்கின்றன. வெளியே உச்சி வெயில். உள்ளே என்றும் அந்திப் பொழுது. நிலையங்கள்தோறும் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயர்ப் பலகை. இந்நகரங்களின் வரவில் அந்நிறுவனங்கள் தரும் தொகையும் ஒரு பங்கு. இத்தகைய நகரங்களில் பல்கலைக்கழகமும் உண்டு. சில நிமிடங்களில் பட்டம் தருகிறார்கள். பட்டம் பெற்றவர்க்குக் கூலியும் கூடுதலாம்! ஐந்தாவது ஆண்டாகக் கல்லூரி வாயிலை மிதித்துக்கொண்டிருக்கும் நான் பெருமூச்சு விட்டதில் வியப்பென்ன?

அந்நகரில் ஒருவரையொருவர் வரவேற்கும் சொல் 'காய்' என்பது. வாயிலில் நின்ற பணியாளர் நெஞ்சில் விரல்களை வைத்து, புன்னகையோடு, "காய்!" என்றார். தங்கையின் முகம் வாடிவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, நாம ஒண்ணுமே செய்யலியே, எதுக்குக் காய் விடுதாவ?" என்று கேட்டாள். தமிழ்க் குழந்தைக்குக் காய் என்றால் சண்டை, பழம் என்றால் சமாதானம். மெக்சிகோவில் பிறந்த வணக்கத்துக்கு இது எப்படித் தெரியும்? விளக்கம் சொன்னேன். அவள் முழுவதும் நம்பவில்லை. சற்று யோசித்து, அடுத்த பணியாளர் "காய்" என்றபோது, முன்னெச்சரிக்கையாகப் "பழம்" என்றாள்.

அவள் முதலில் தேர்ந்தெடுத்தது தீயணைப்பு வேலை. குழந்தைகளுக்குச் சட்டையும் தலைக்கவசமும் அணிவித்து வரிசையாக உட்கார வைத்தார்கள். பெரியவர்களுக்கு உள்ளே இடமில்லை. பட்டதாரியாகிய நான் கண்ணாடிக்கு வெளியே; நான்காம் வகுப்பு மாணவி உள்ளே. திறந்திருந்த கதவின் வழியே பேச்சு மட்டும் கேட்டது.

இளம்பெண் ஒருத்தி கதை சொல்லத் தொடங்கினாள். அவளே அக்குழுவுக்குத் தலைவி. நகரத்து விடுதி ஒன்றில் தீப்பிடித்துவிட்டது. மேல் மாடியில் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள். நாம் விரைந்து போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மற்றக் குழந்தைகள் துள்ளினார்கள். என் தங்கை மட்டும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியர் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று அஞ்சும் பிள்ளையின் இருப்பு அது. அதை நான் நன்கு அறிவேன். இந்நகருக்கு வந்த முதல் மாதத்தில் வகுப்பறையின் கடைசிப் பெஞ்சில் நாமெல்லாரும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தோம்?

கதை சொன்ன பெண் அதைக் கண்டாள். ஒரு நொடி நிறுத்தினாள். பிறகு அதே கதையை, அதே பரபரப்போடு, இந்தியில் தொடர்ந்தாள். என் தங்கைக்கு நேரே குனிந்து, "தீ எங்கிருந்து கிளம்பியிருக்கும்? நீ சொல்" என்று கேட்டாள்.

தங்கை தயங்கவில்லை. "அடுக்களையிலிருந்துதான். யாரோ கேஸை மூடாமல் போயிருப்பார்கள். முதலில் சிலிண்டரை மூட வேண்டும், அப்புறம்தான் தண்ணீர்" என்றாள்.

அந்தப் பெண் எழுதி வைத்த பாடத்தை ஒப்பிக்க வந்தவள் போலும், ஆயினும் ஒப்பிப்பவளாக நில்லாமல், "கேட்டீர்களா? முதலில் சிலிண்டர்! அந்த வேலை இவளுடையது" என்று கதையையே திருப்பிவிட்டாள். குட்டித் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு புறப்பட்டது. விடுதியின் சன்னல்களில் சிவப்பு ஒளி நெருப்பாக ஆடிற்று. குழாயிலிருந்து வந்த தண்ணீர் மட்டும் உண்மைத் தண்ணீர். இல்லாத சிலிண்டரின் இல்லாத திருகைத் தங்கை இரு கைகளாலும் இறுகத் திருகி மூடுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும் வீட்டில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. அந்தப் பாடம் அன்று ஓர் ஊரையே காப்பாற்றியது!

பௌதிகம் படிக்கும் எனக்கு இதிலே ஓர் உண்மை புலப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வெப்பம் காக்கும் உலை ஒன்றை வைத்திருக்கிறோம். வெப்பநிலை எவ்வளவு என்று அது ஓயாமல் அளந்து, கூடினால் குறைக்கிறது, குறைந்தால் கூட்டுகிறது. அளக்கும் உறுப்பைக் கழற்றிவிட்டால் அது வெறும் அடுப்பு. நல்ல கதைசொல்லியும் அவ்வாறே. கேட்போர் முகமே அவருக்கு வெப்பமானி. ஒலிப்பெட்டி ஒன்று அதே கதையை இதைவிடத் திருத்தமான குரலில் சொல்லியிருக்கலாம். என் தங்கை கைகட்டி உட்கார்ந்திருக்கும்போதே கதை முடிந்தும் போயிருக்கும். கண்ணுள்ள கதை, கண் இல்லாத கதை என்று கதைகளை இரண்டாகப் பகுக்கலாம் போலும்.

இது மெக்சிகோவிலிருந்து நாம் இறக்குமதி செய்ய வேண்டிய கலையன்று. எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டைக் கேட்டவர்கள் அறிவார்கள். புலவர் ஓரடி சொல்ல, உடனிருப்போர் 'ஆமாம்' போட, இடையிலே கேள்வி கேட்க, கதை கூட்டத்துக்கு ஏற்ப வளைந்து செல்லும். அக்கலையை நம் காலம்வரை கொண்டுவந்து, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் நெல்லை மண்ணின் மைந்தர். தஞ்சையில் வளர்ந்த கதாகாலட்சேபமோ, மராத்தியர் ஆட்சிக் காலத்தில் அங்கு வந்து சேர்ந்த கீர்த்தன மரபைத் தழுவி உருப்பெற்றது. மராட்டிய மண்ணிலிருந்து தமிழகம் கதை சொல்லும் முறையைப் பெற்றது. தமிழகத்திலிருந்து மராட்டிய மண்ணுக்கு இட்லி வந்தது. நல்ல பண்டமாற்றுத்தான்!

மாலையில் கூலியாகப் பெற்ற கிட்சோ நோட்டுகளை எண்ணியபடி தங்கை கேட்டாள்: "அண்ணே, இந்த ஊர்ல எல்லாருக்கும் வேலை இருக்கு. காலைல இட்லி யாரு கொண்டாருவா?"

நாங்கள் சுற்றிய வரையில் சைக்கிளில் இட்லி விற்பவரை அங்கே காணவில்லைதான். அதை அந்நகரின் குறை என்று சொல்ல மாட்டேன். உலகத்துத் தொழில் எல்லாம் ஒரு கூரைக்குக் கீழே அடங்குமா? ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. பெயர்ப் பலகை உள்ள தொழிலுக்குச் சீருடை உண்டு, பாட்டு உண்டு, கதை உண்டு. பெயர்ப் பலகை இல்லாத தொழிலுக்குக் கதை சொல்ல யார் இருக்கிறார்கள்? கதையில் இடம்பெறாத தொழிலைக் குழந்தை எப்படி மதிக்கும்? ஹாரன் அடிக்க வேண்டாம் என்று ஒன்பது வயதுப் பிள்ளை தந்தையிடம் கேட்டதற்கு அந்தப் பிள்ளையையா குறை சொல்வது?

நான்கு நாட்கள் கழித்து மீண்டும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சந்தில் ஏழெட்டுக் குழந்தைகள் கூடியிருந்தார்கள். கவிழ்த்த வாளி ஒன்று வங்கி, படிக்கட்டு மருத்துவமனை. கிழித்த காகிதத் துண்டுகள் கிட்சோக்கள். தங்கைதான் தலைவி. தீப்பிடித்த விடுதியின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். விடுதியில் தப்பியவர்கள் எல்லாரும் பசியோடு தெருவில் நிற்கிறார்களாம். அப்பொழுது தூரத்தில் ஓர் ஒலி கேட்கிறதாம். சொல்லிவிட்டு, இரு கன்னங்களையும் உப்பிக்கொண்டு, 'பாம், பாம்' என்று அவளே ஒலி எழுப்பினாள். உள்ளே உளுந்து அரைத்துக்கொண்டிருந்த சித்தப்பா கிரைண்டரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் இப்போது அவர் ஹாரன் அடிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

தமிழ்ச் சங்கத்து நண்பர்களே! நாம் ஆண்டுதோறும் பொங்கல் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், சொற்பொழிவாளர்களை அழைத்து மாலை சூட்டுகிறோம். வேண்டியவைதாம். ஆயின் நம் பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலேறிப் போகும் தூரத்தில் தமிழ்க் குழந்தைகள் இருக்கிறார்கள். சீட்டு வாங்கி நகரம் பார்க்க எல்லாப் பெற்றோராலும் இயலாது. கதை சொல்ல நம்மால் இயலும். மின்னணுப் பட்டை வேண்டாம். விளக்கு அலங்காரம் வேண்டாம். தோல் பதனிடுபவர், துணி தைப்பவர், இட்லி சுமப்பவர் என்று அந்தச் சந்தில் வாழ்வோரே தலைவர்களாக வரும் கதைகள் போதும். நம்மில் பலருடைய வீட்டுக் கதையும் அதுதானே?

வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கத்து அறையில் கூடி இதுபற்றிப் பேசலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். விருப்பமுள்ளோர் ஆளுக்கு ஒரு கதையோடு வருக. பாதியிலேயே ஒரு குழந்தை குறுக்கிட்டு அக்கதையை வேறு பக்கம் திருப்பிவிடும்; அதற்கும் ஆயத்தமாக வருக.