நடுகல்லுக்கு முன்னால் ஒரு நாள்

இன்று உட்காரவே நேரமில்லை. காலையில் பதிவேடு சரிபார்ப்பு. அது முடிவதற்குள் வாசலில் பள்ளிப் பேருந்து. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்ததே இங்குள்ள நடுகற்களுக்காக, அதாவது இறந்த வீரர்களின் நினைவுக் கற்களுக்காகத்தான்.

நேர் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குக் கல்லில் இருந்த வட்டெழுத்து என்ற பழைய எழுத்து பிடிபடவில்லை. டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழுந்ததும் எழுத்துகள் துலங்கி வந்தன. "அக்கா, இவரு சாமியா?" என்றாள் ஒரு சிறுமி, கல்லில் இருந்த உருவத்தைக் காட்டி. மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்டவர் என்றேன். "எங்க ஊர் எல்லையில இதே மாதிரி கல்லுக்குப் பொங்கல் வைப்போமே!"

அப்புறம் கேள்விகள் ஓயவே இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொன்னேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. வீரனோடு சேர்த்து, கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். எத்தனை பெரிய மனசு அந்த ஊருக்கு!

மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். சிறுமியின் ஊர்ப் பெயரைக் குறித்துவைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படிக் கல் இருந்தால், தயவுசெய்து அதன்மேல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.