அம்மா வச்ச துளசி

போன சனிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கும்போது ரெண்டு மூணு பேர் ஒரே கேள்வி கேட்டாங்க. "அண்ணே, வீட்டுத் துளசி உயரமா போகுது, ஆனா இலையே இல்ல. என்ன செய்யலாம்?" எனக்கும் அதே கதை நடந்துச்சு. அதான் எழுதுறேன்.

எங்க வீடு ஜார்ஜ்டவுன்ல அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி. வாசல் வடக்கு பார்த்தது. அம்மா இருந்தவரைக்கும் துளசித் தொட்டி வாசல்ல இருக்கும். புரட்டாசி பிறந்ததும், பின்னால துணி காயப்போடுற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்வாங்க. சித்திரை வந்தா மறுபடியும் வாசலுக்கு. ஷிப்ட் முடிஞ்சு களைச்சுப்போய் வந்திருப்பேன். "ஏம்மா, ஒரே இடத்துல இருக்கட்டுமே"ன்னு சலிச்சுக்குவேன். "தூக்குடா, இப்ப அதுக்கு அங்கதான் பிடிக்கும்"பாங்க.

போன ஆவணியில அம்மா தவறிட்டாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் துளசியை ஹால்ல, அம்மா படத்துக்குக் கீழே கொண்டுவந்து வச்சேன். தினமும் விளக்கு, தினமும் தண்ணீர். மரியாதையா பார்த்துக்கிறோம்னு நினைச்சேன். தைப்பூசம் வர்றதுக்குள்ள தண்டு நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்ஞ்சிடுச்சு. கணுவுக்குக் கணு இடைவெளி. இலை சின்னதா, வெளிறிப்போய் இருந்துச்சு. பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊத்தினேன். மண்ணு நாத்தம் அடிச்சதுதான் மிச்சம்.

பேக்டரியில வெளிச்சம் அளக்கிற மீட்டர் எனக்குப் பழக்கம். வீட்டுக்குள்ள லைட் போட்டாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸை நெருங்கும். நம்ம கண்ணுக்குப் போதுமான வெளிச்சம் துளசிக்கு இருட்டு. அது செழிச்சு வளரல, வெளிச்சத்தைத் தேடி ஓடுது.

அப்பதான் அம்மா சொன்னது விளங்குச்சு. பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே இருக்கு. ஏப்ரல் முதல் வாரத்திலயும் செப்டம்பர் ரெண்டாவது வாரத்திலயும் மத்தியான சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வரும். அதுக்கு நடுவுல உள்ள மாசங்கள்ல வடக்குப் பக்கம், மத்த மாசங்கள்ல தெற்குப் பக்கம். நம்ம கணக்குல சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் வடக்கு, புரட்டாசியிலிருந்து பங்குனி வரைக்கும் தெற்கு. அம்மா பள்ளிக்கூடம் போனதில்ல. வாசல்ல வெயில் விழுறதைப் பார்த்தே கண்டுபிடிச்சிருக்காங்க.

நீண்டுபோன தண்டு மறுபடி குட்டையாகாது, வெட்டித்தான் ஆகணும். "துளசியில கத்தி வைக்கலாமா?"ன்னு வீட்டுக்காரம்மா தடுத்தாங்க. கோயில் ஐயரைக் கேட்டேன். "வாடவிடுறதுதான் தப்பு. ஞாயிறும் துவாதசியும் வேண்டாம். கும்பிட்டுட்டு வெட்டுங்க"ன்னார்.

நான் செஞ்சது இதுதான். தொட்டியைப் பின்பக்கம் கொண்டுபோனேன். முதல்ல காலை வெயில் ஒரு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டினேன். நிழல்ல இருந்த இலை திடீர் வெயில்ல கருகிடும். ஒரு வாரம் கழிச்சு, மூணுல ஒரு பங்கு உயரத்தை, இலை ஜோடிக்குக் கொஞ்சம் மேல வெட்டினேன். அந்தக் கணுவிலிருந்து ரெண்டு கிளை வரும். பூக்கதிரையும் கிள்ளிட்டேன். மேல்மண் காஞ்ச பிறகுதான் தண்ணீர். அடித்தட்டுல தண்ணீர் தேங்க விடாதீங்க, ஏடிஸ் கொசு வரும். மாடியில இருக்கிறவங்க தொட்டியைத் தடுப்புச்சுவர் மேல வைக்காதீங்க. கீழே விழுந்தா உயிர் போயிடும். உள்பக்கமா ஸ்டூல் போட்டு, நடைபாதையை மறிக்காம வைங்க.

ஒரு மாசத்துல கொழுந்து வந்துச்சு. வேலை முடிஞ்சு வந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா கையில எப்பவும் இருக்கிற வாசனை.

அடுத்த வாரம் சித்திரை பிறக்குது. தொட்டி வாசலுக்குப் போகும், இந்தத் தடவை யாரும் சொல்லாமலே. வெட்டின தண்டை வீணாக்கல. கீழ் இலையை எடுத்துட்டுத் தண்ணீர்ல வச்சதுல அஞ்சு வேர் விட்டிருக்கு. வேணும்கிறவங்க சனிக்கிழமை கோயிலுக்கு வாங்க, தர்றேன். ஒரே ஒரு வேண்டுகோள்: உங்க வீட்டுல எந்தப் பக்கம் வெயில் வருதுன்னு பார்த்துட்டு வாங்க.