பாடிப் படிக்கும் பிள்ளை

கண்டிக்கு அருகே மடவளையில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், கண்டி பஸ்ஸில் சிங்களம், குர்ஆன் மத்ரஸாவில் அறபு, பள்ளிக்கூடத்தில் இவற்றோடு ஆங்கிலமும். இந்த நான்கில், பொருள் புரியும் முன்பே அந்தப் பிள்ளை திருத்தமாக உச்சரிப்பது அறபைத்தான். எந்த ஒலி தொண்டையின் அடியிலிருந்து எழும்புகிறது, எது நாக்கு நுனியில் பிறக்கிறது, எந்த எழுத்தை இரண்டு அளவு நீட்டுவது, எதை ஆறு வரை இழுப்பது, எங்கே மூக்கொலி நிற்க வேண்டும், எங்கே மூச்சு விடலாம் என்பதற்கெல்லாம் குர்ஆனை ஓதும் முறையான தஜ்வீதில் சட்டம் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளை சட்டத்தைப் படித்துவிட்டு ஓதத் தொடங்குவதில்லை. மௌலவி ஓதுவதைக் கேட்டு, கூடவே ஓதி, தப்பினால் திரும்ப ஓதிக் காதாலேயே பிடித்துக்கொள்கிறது. ஓதல் பாட்டல்ல, அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் நீட்டலும் நிறுத்தலும் கூட்டுக்குரலும் சேர்ந்தால் ஒரு மொழி பிள்ளையின் வாயில் எவ்வளவு உறுதியாகக் குடியேறும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கே சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கரும்பலகையைப் பார்த்தெழுதித்தான் கற்பிக்க வேண்டுமா? அங்கே பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், ஹங்கேரிய மொழி அறியாத 60 பேருக்குப் பதினைந்து நிமிடம் அம்மொழித் தொடர்கள் கற்பிக்கப்பட்டன. சிலர் பேசிப் படித்தார்கள், சிலர் தாளத்தோடு சொன்னார்கள், சிலர் பாடினார்கள். பிறகு அத்தொடர்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது பாடியவர்களே முந்தினார்கள். அவர்கள் பெரியவர்கள்தானே என்று கேட்கலாம். குழந்தைகளைப் பற்றிக் கனடாவின் மொன்ட்ரியல் ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள்: பழக்கமில்லாத துருக்கிப் பாட்டைக் கேட்ட கைக்குழந்தைகள், கொஞ்சும் பேச்சைக் கேட்டவர்களைவிட இரு மடங்கு நேரம் அழாமல் இருந்தன. அது மொழி கற்றல் அல்ல, ஆனால் புரியாத மொழியின் பாட்டும் குழந்தையைப் பிடித்துவைக்கும் என்பதைக் காட்டுகிறது. அதே சமயம், பாட்டுக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று விற்கப்படும் வாக்குறுதியை நான் தரவில்லை. மொஸார்ட்டின் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்களிடம் 1993இல் காணப்பட்ட முன்னேற்றம் கால் மணி நேரத்தில் கரைந்துபோனது. பாட்டால் முடிந்த வேலையை மட்டும் அதனிடம் எதிர்பார்த்தால் போதும்.

மார்க்கம் இடம் தராது என்பார்கள். இசைக்கருவி பற்றி உலமாக்களிடையே நீண்ட வாதம் உண்டு. அதைத் தீர்க்க நான் வரவில்லை. ஆனால் பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபியவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. நல்ல சொற்களை வெறும் வாயால் பாடும் பிள்ளையைத் தடுக்க அந்த வாதத்தில் என்ன இருக்கிறது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்க நேரமெங்கே என்பது அடுத்த கேள்வி. மொழியும் பரீட்சைக்குரியதே, பாடிய சொல் மறக்காது என்றால் அதற்கு ஒதுக்கும் பத்து நிமிடம் வீணல்ல. குரல் இல்லாத பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் பாட்டைப் போட்டியாகவே பார்த்துப் பழகியவர்கள். ஆறாம் தரத்தில் அழகியல் பாடங்களில் ஒன்றாகச் சங்கீதத்தைத் தெரிவு செய்யும் சிலருக்கு அது கலை. கூட்டத்தோடு பாடும் மற்றவர்களுக்கு அது பேச்சுப் பயிற்சி. குரல் பிசகினாலும் குறையில்லை.

இந்த நாட்டில் இதற்கு வேறோர் அவசியமும் உண்டு. சாந்திநிகேதனில் பயின்ற ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றிய பாட்டு, 1951இல் இலங்கையின் தேசிய கீதமானது. அதே மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களைத் தந்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. ஒரே மெட்டில் இரு மொழி பொருந்தும் என்பதை அது எப்போதோ காட்டிவிட்டது. மடவளைப் பிள்ளை சிங்களப் பாட்டையும், பக்கத்து ஊர்ச் சிங்களப் பிள்ளை தமிழ்ப் பாட்டையும் கூச்சமின்றிப் பாடினால், மற்றவர் மொழியைத் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சம் இரு பக்கமும் குறையும். அதற்குச் சங்கீத ஆசிரியரின் நியமனத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு நாள் தமிழில், மறுநாள் சிங்களத்தில், அடுத்த நாள் ஆங்கிலத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து பாடினால் போதும். அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.